மகள் கீறின கரை

1

போன கிழமை ஆத்துமாக்கள் திருநாள், செத்த ஆக்களுக்குச் செபிக்கிற நாள். வழக்கமா அண்டைக்கு நான் நித்திரையாலை எழும்பேக்கையே ஊரிலை இருந்து தம்பி றெஜி அனுப்பின படம் ஃபோனிலை வந்து கிடக்கும். நீலப் பெயின்ற் அடிச்ச ஒரு சின்னச் சிலுவை, முன்னாலை ஒரு மெழுகுதிரி, ஒரு பிடி பூ. கீழை "அக்கா, கொளுத்தியாச்சு" எண்டு ஒரு வரி. இந்த வருசம் படம் வரேல்லை. நான்தான் அனுப்ப வேண்டாம் எண்டு சொன்னனான்.

அந்தச் சிலுவை என்ரை மூத்தவன் அன்ரனுக்கு வைச்சது. எட்டு மாதம் இருந்தவன். காய்ச்சல் வந்து ரெண்டாம் நாள் முடிஞ்சுது. அந்தச் சண்டைக் காலத்திலை எங்கடை தீவிலை இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போறதெண்டா எவ்வளவு பாடு எண்டு ஊரிலை இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அதை நான் திருப்பிக் கிண்டப் போறேல்லை.

ஊர்க்காவற்றுறைத் தீவிலை எங்கடை ஊர் ஒரு சின்னக் கரை. பேர் சொன்னாக் கனபேருக்குத் தெரியாது. கரம்பொன், நாரந்தனை எண்டு சொன்னா, "ஓ, அங்காலையோ" எண்டுவினம். கடலைப் பாத்தபடி கோயில், கோயிலுக்கு அங்காலை சேமக்காலை. ஞானஸ்நானம் பெற்ற சின்னப் பிள்ளையள் செத்தா எங்கடை சனம் செத்துப்போச்சுது எண்டு சொல்லாது, சம்மனசா, வானதூதனாப் போட்டுது எண்டுதான் சொல்லும். பெரிய ஆக்களோடை அவையளை அடக்கம் செய்யிறதும் இல்லை. சேமக்காலையின்ரை கடல் பக்கத்து ஓரத்திலை, மணல் மெத்தெண்டு இருக்கிற இடத்திலை, அவையளுக்கெண்டு ஒரு வரிசை. அன்ரன் அதிலை கடைசியாளுக்கு முதல் ஆள்.

நான் இங்கிலாந்துக்கு வந்து இவ்வளவு காலத்திலை ஆரிட்டையும் பெரிசா ஒண்டும் கேட்டதில்லை. ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். நான் செத்தா என்னைக் கொண்டுபோய் அவனுக்குப் பக்கத்திலை வையுங்கோ எண்டு. சின்னப் பிள்ளையளின்ரை வரிசையிலை பெரிய ஆளை வைக்கிற வழக்கமில்லைத்தான். தம்பி அப்ப இருந்த பங்குச் சுவாமியோடை கதைச்சு, வரிசைக்குப் பின்பக்கமா ஓரிடம் பிடிச்சு வைச்சவன். வருசம் வருசம் கேப்பன், இடம் கிடக்கோடா எண்டு. கிடக்கு அக்கா எண்டுவான். என்ரை மனிசனுக்கு இந்தக் கதை துண்டறப் பிடிக்காது. இருக்கிற சீவனுக்கு ஏன் சாவைப் பற்றிக் கதைக்கிறீர் எண்டு எழும்பிப் போயிடுவார்.

2

என்ரை மகள் ஜெனிற்றாவின்ரை படிப்பைப் பற்றிச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்லேலாது.

நாங்கள் இருக்கிற லெஸ்ரரிலை மாதத்திலை ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கைதான் பிள்ளையளின்ரை படிப்பை விசாரிக்கிறது. மகள் யூனிவேசிற்றி எண்டா, மெடிசினோ எண்டு கேப்பினம். இல்லை எண்டா, அப்ப எஞ்சினியறிங்கோ? அதுவும் இல்லை, புவியியல் எண்டு சொன்னா, வீட்டிலை ஆருக்கோ கடும் வருத்தம் எண்டு கேட்ட மாதிரி என்ரை கையைப் பிடிப்பினம். ஒரு அக்கா, "பரவாயில்லை, ரீச்சரா வரலாம்தானே" எண்டு எனக்கு ஆறுதல் சொன்னா. நான் விடுவனோ? "பி.எஸ்சி. அக்கா, விஞ்ஞானமாணி, ஆட்ஸ் இல்லை" எண்டு நாலு பேருக்குக் கேக்கச் சொன்னன். அந்த மனுசி நம்பேல்லை.

அவவிலையும் பிழை இல்லை. எங்கடை நாட்டிலை புவியியல் எண்டாக் கலைப்பிரிவுதான். இங்கை அது ரெண்டு வாசல் உள்ள வீடு. சனம், நகரம், எல்லை எண்டு படிக்கிறவை ஒரு வாசலாலை போய் பி.ஏ. எடுப்பினம். மண், ஆறு, பனி, அலை எண்டு அளந்து திரியிறவை மற்ற வாசலாலை போய் பி.எஸ்சி. எடுப்பினம். ஜெனி மற்ற வாசல். முதல் வருசம் முழுக்க மண்ணைச் சலிச்சவள். ஒருநாள் வீட்டை வந்து என்ரை அரிதட்டைத் தூக்கி வெளிச்சத்திலை பிடிச்சு, இது எத்தினை மில்லிமீற்றர் கண் அம்மா எண்டு கேட்டாள். புட்டு மா அரிக்கிற கண் எண்டன். ரெண்டாம் வருசம் புள்ளிவிபரம் படிக்கேக்கை குளியலறைக்குள்ளை போயிருந்து அழுதாள். பிறகு செய்மதிப் படங்களை வைச்சு நிலத்தை அளக்கிற பாடம் வந்துது. அதுக்குப் பிறகு அவளைக் கதிரையாலை எழுப்பேலாது. என்ரை மனிசன் பார்சல் வான் ஓடுறவர். இவள் கடைசியிலை ரீவியிலை நிண்டு மழை வரும் எண்டு சொல்லப் போறாளோ எண்டு பகிடி பண்ணுவார்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள்ளை பெரிய சந்தோசம். ஏனெண்டா நானும் புவியியல் படிச்சனான். தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்திலை இருந்தபோது ஏ.எல். படிச்சது. இடவிளக்கப் படம் எண்டா எனக்கு உயிர். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் எண்டு அளவுத்திட்டம் போட்ட அந்தப் பெரிய தாளை மேசையிலை விரிச்சா, மற்றப் பெட்டையள் கொட்டாவி விடுவாளவை. எங்கடை ரீச்சர் பகிடிக்காரி. தீவுப் பிள்ளையளுக்குச் சோதினையிலை வேலை மிச்சம், உங்கடை தீவிலை கீறுறதுக்கு ஒரு சமவுயரக்கோடு தன்னும் இல்லையே எண்டுவா. உண்மைதான், அவ்வளவு தட்டை. அப்ப வீட்டுக்குப் போகேலாத காலம். நான் படத்திலை எங்கடை கோயிலுக்குப் போட்டிருந்த சிலுவைக் குறியிலை விரலை வைச்சு, அதிலை இருந்து கிணத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, சேமக்காலைக்கு எவ்வளவு எண்டு நூல் பிடிச்சு அளந்து கொண்டிருப்பன். யூனிவேசிற்றிக்கு எடுபடப் போதுமான புள்ளி வரேல்லை. கலியாணம் வந்துது. அதோடை என்ரை புவியியல் முடிஞ்சுது. இப்ப ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியிலை உருளைக்கிழங்கு அவிக்கிறன்.

இதை நான் ஜெனிக்குச் சொன்னதில்லை. அவள் கேக்கவும் இல்லை. தாய்க்குப் படம் வாசிக்கத் தெரியும் எண்டு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் நினைச்சிருக்க மாட்டினம்.

3

வீட்டிலை நான் தமிழிலை கேப்பன், அவள் இங்கிலீசிலை பதில் சொல்லுவாள். சின்ன வயசிலை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு விட்டனாங்கள். பத்து வயசிலை, சனிக்கிழமையிலை ஏன் என்னை வருத்துறீங்கள் எண்டு கேட்டு நிப்பாட்டிப் போட்டாள். விளங்கும். வாயிலை வராது. தனக்கு ஒரு அண்ணன் இருந்தவன் எண்டு தெரியும். ஆனால் அவனைப் பற்றிக் கதைக்கேக்கை "உங்கடை பேபி" எண்டுதான் சொல்லுவாள். ஆரோ தெரியாத வீட்டுப் பிள்ளை மாதிரி.

கடைசி வருசத்துக்கு ஒவ்வொருத்தரும் தாங்களே ஒரு இடத்தை எடுத்து, தாங்களே அளந்து, ஒரு ஆய்வு எழுதிக் குடுக்கவேணும். அவளோடை படிச்சதுகள் வேல்ஸுக்கும் நோர்ஃபோக்குக்கும் போக வெளிக்கிட்டுதுகள். இவள் ஒருநாள் சாப்பிட்டுக் கொண்டிருக்கேக்கை, நான் உங்கடை தீவுக்குப் போறன், கரை எவ்வளவு நகந்திருக்கு எண்டு பாக்கப் போறன் எண்டாள். எனக்குச் சோறு இறங்கேல்லை, அவ்வளவு சந்தோசம். ஏன் பிள்ளை எங்கடை ஊர் எண்டு கேட்டன். அம்மாவின்ரை ஊர் எண்டு சொல்லுவாள் எண்டு எதிர்பாத்தன். அங்கை ஒருத்தரும் இதுவரைக்கும் ஒழுங்கா அளக்கேல்லை எண்டாள்.

போறதுக்கு முதல் யூனிவேசிற்றிக்கு ஆபத்து விபரம் எழுதிக் குடுக்கவேணும். என்ன ஆபத்து, ஆருக்கு, எவ்வளவு சாத்தியம், ஒண்டிலை இருந்து அஞ்சுக்குள்ளை புள்ளி போடு. நானும் பக்கத்திலை இருந்து உதவி செய்தனான். வெய்யில், நாய், கடல் எண்டு எழுதினம். அது திரும்பி வந்துது. வெய்யிலுக்குப் புள்ளி காணாது, பாம்பு எங்கை, கண்ணிவெடி எங்கை, கிட்டடியிலை ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் எண்டு கேட்டிருந்தினம். கடைசிக் கேள்வியைப் பாத்து நான் எழும்பிக் குசினிக்குப் போட்டன். ஜெனி கொஞ்ச நேரத்தாலை வந்து, அம்மா அதை நானே எழுதிறன் எண்டாள்.

ஆடி மாதம், சோளகக் காத்து அள்ளி வீசுற நேரம் போய் இறங்கினாள். தம்பி வீட்டிலைதான் தங்கினவள். ஊரிலை அவளைக் கண்ட எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, நீ ஆற்றை பிள்ளை எண்டு. அவள் யூனிவேசிற்றி அடையாள அட்டையை எடுத்து நீட்டினவளாம். ஊர் அலுவல் பாக்கிற விதானையாரிட்டையும் அதைத்தான் நீட்டினவளாம். தம்பி ஃபோனிலை சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நாலஞ்சு நாளிலை றெஜியின்ரை மருமோள் எண்டு சொல்லப் பழகியிட்டாள். அதுக்குப் பிறகு போற இடமெல்லாம் இளநீர். தம்பி கடலுக்குப் போறதை விட்டுப்போட்டு அவளுக்கு அளக்கிற தடியைப் பிடிச்சுக் கொண்டு திரிஞ்சவன். காத்துக்குத் தடி ஆடினா, மாமா நேரை பிடியுங்கோ எண்டு பேச்சு விழுமாம். எனக்கு அதைக் கேக்கக் கேக்கப் பெருமை. பூசைக்குப் போய் அந்த அக்காவைத் தேடிப் பிடிச்சுச் சொன்னன்.

ஃபோன் எடுக்கிற நேரமெல்லாம் நான் கேக்கிறது ஒண்டு. அன்ரனிட்டைப் போனியா? நாளைக்குப் போறன் அம்மா எண்டுவாள்.

4

திரும்பி வந்த பிள்ளை கறுத்துப் போய், மெலிஞ்சு போய் வந்தாள். விமான நிலையத்திலையே கேட்டன், அன்ரனின்ரை குழியைப் பாத்தியா எண்டு.

"ஓம் அம்மா. பாத்தனான். மாமாவும் நானும் போய் மெழுகுதிரி கொளுத்தி, ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னனாங்கள்" எண்டாள்.

நான் மனிசனின்ரை கையைப் பிடிச்சன். என்ரை பிள்ளை ஒரு இங்கிலீசுச் சொல்லும் இல்லாமல் இவ்வளவு நீளத்துக்குத் தமிழ் கதைச்சு நான் கேட்டதில்லை. ஒரு மாதம் ஊரிலை நிண்டதுக்கு நாக்கு திரும்பியிட்டுது எண்டு நினைச்சன். வீடு வரைக்கும் காரிலை அதைத்தான் சொல்லிக் கொண்டு வந்தனான். அவள் யன்னலாலை வெளியிலை பாத்துக் கொண்டிருந்தாள். இவர் றோட்டிலை இருந்து கண்ணை எடுக்காமல் காரை ஓடினார். அடுத்த நாளே அவள் பழையபடி இங்கிலீசுக்குத் திரும்பினதை நான் கணக்கெடுக்கேல்லை. களைப்பு எண்டு விட்டிட்டன்.

அந்தக் கார்த்திகையும் தம்பியின்ரை படம் வந்துது. அதுக்குக் கொஞ்ச வருசத்துக்கு முதல்தான் அவன் சிலுவைக்கு வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்றை அடிச்சவன். ஏன்டா நீலம் எண்டு கேட்டதுக்கு, வெள்ளை உப்புக் காத்துக்கு நிக்காது அக்கா எண்டவன். நான் அதையும் பூசைக்கு வந்த ஆக்களுக்குக் காட்டி, பாருங்கோ என்ரை தம்பி எப்பிடிப் பாக்கிறான் எண்டு பெருமையடிச்சனான். படம் எல்லாம் கிட்டத்திலை இருந்து எடுத்தது. சிலுவையும் மெழுகுதிரியும்தான் தெரியும். பின்னாலை கடல் தெரியேல்லை எண்டு எனக்கு ஒருக்காலும் படேல்லை.

5

பங்குனியிலை யூனிவேசிற்றியிலை பிள்ளையள் தங்கடை ஆய்வைப் பெரிய போஸ்ரரா அடிச்சுச் சுவரிலை மாட்டி வைச்சிருந்தினம். தாய் தேப்பனும் வரலாம். ஜெனி வரச்சொல்லிக் கேக்கேல்லை. நான் அவளின்ரை சிநேகிதப் பிள்ளையின்ரை வாயாலை அறிஞ்சு, வேலைக்கு லீவு போட்டு, சீலை உடுத்து, மனிசனையும் இழுத்துக் கொண்டு போனன். எங்களைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறியிட்டுது. எங்களாலை வெக்கமோ எண்டு எனக்குக் கோவம் வந்தது உண்மை.

அவளின்ரை போஸ்ரரிலை இங்கிலீசு எழுத்து எறும்பு மாதிரி ஊந்து கொண்டு கிடந்துது. அதை நான் வாசிக்கப் போகேல்லை. நடுவிலை பெரிசா ஒரு படம். எங்கடை கரை. அதிலை நாலு நிறத்திலை நாலு கோடு. பழைய கரை கறுப்பு, விமானத்திலை இருந்து எடுத்த பழைய படத்தை வைச்சுக் கீறினது. பிறகு மஞ்சள், பிறகு செம்மஞ்சள். இப்ப அவள் தடியும் ஜி.பி.எஸ்ஸும் கொண்டு நடந்து அளந்த கரை சிவப்பு. ஒவ்வொரு கோடும் முதல் கோட்டை விட நிலத்துக்குள்ளை வந்திருந்துது. ஒரு விரிவுரையாளர் அம்மா வந்து, உங்கடை மகள் கெட்டிக்காரி, இந்த வருசத்திலை நல்ல வேலைகளிலை ஒண்டு எண்டு கையைக் குலுக்கினா. தாங்க்யூ, தாங்க்யூ எண்டு சொல்லிக் கொண்டு நான் படத்தைத்தான் பாத்துக் கொண்டிருந்தன்.

கோயில் கிடந்துது. பள்ளிக்கூடம் கிடந்துது. கிணறு கிடந்துது. றோட்டு, மடம், வள்ளம் இழுத்து விடுற இடம் எல்லாம் குறி போட்டிருந்தாள். சேமக்காலை இல்லை. எங்கை தேடியும் இல்லை. எப்பிடி இவள் இதை மறந்தாள் எண்டு முதலிலை நினைச்சன். கீழை அளவுத்திட்டம் கிடந்துது. பழைய பழக்கம் கையிலை இருக்கும்தானே. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலை நூறு மீற்றரைப் பிடிச்சன். கோயில் வாசலிலை இருந்து சேமக்காலைக் கேற்றடி எவ்வளவு எண்டு எனக்குப் பாடம். பெட்டியைத் தூக்கிக் கொண்டு போகேக்கை செபமாலையிலை ஒரு பத்து மணி சொல்லி முடியிற தூரம். விரலை வைச்சன். கேற்றடி சிவப்புக் கோட்டுக்கு இங்காலை, நிலத்திலை நிண்டுது. அங்கையிருந்து கடல் பக்கமா விரலை நகத்தினன். பாதிச் சேமக்காலையிலையே சிவப்புக் கோடு குறுக்கை வந்துது. சின்னப் பிள்ளையளின்ரை வரிசைக்கு விரல் போகேக்கை அது சிவப்புக் கோட்டுக்கு அங்காலை, கடலுக்குள்ளை நிண்டுது.

பிழையா அளந்திட்டன் எண்டு நினைச்சுத் திருப்பி வைச்சன். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவிலை கடல் கொண்டு போன நிலத்துக்கு அவள் சாம்பல் நிறம் பூசி, அதுக்கு மேலை ஒரு சொல் எழுதியிருந்தாள். அந்த ஒரு இங்கிலீசுச் சொல்லு எனக்கு விளங்கும். மணல்.

மூண்டாம் தரம் அளக்கேக்கை ஜெனி பக்கத்திலை வந்து நிண்டாள். என்ரை விரல் நிக்கிற இடத்தைப் பாத்தாள். பேந்து என்ரை முகத்தைப் பாத்தாள். தாய் போஸ்ரரிலை என்ன செய்யிறாள் எண்டு அவளுக்கு அப்பதான் விளங்கினது. அவளின்ரை கண் நிறைஞ்சுது. நான் அவளுக்கு மட்டும் கேக்கக் கேட்டன்.

"அன்ரன் எங்கை பிள்ளை?"

6

காரிலை வைச்சுத்தான் எல்லாம் சொன்னாள். முன்னுக்கு இவர் காரை ஓடிக்கொண்டிருந்தார். அவள் போன முதல் நாளே தம்பி அவளைக் கரைக்குக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டியிருக்கிறான். மதில் விழுந்து அலைக்குள்ளை கிடந்ததாம். ரெண்டு மூண்டு வாடைக் காத்துக் காலத்துக்கு முதலே சின்னப் பிள்ளையளின்ரை வரிசை முழுக்கப் போட்டுதாம். எனக்குப் பிடிச்சு வைச்ச இடமும் அதோடை போட்டுதாம். தாய்க்குச் சொல்லிப்போடாதை, தாங்க மாட்டாள் எண்டு மாமா கெஞ்சினவராம். விமான நிலையத்திலை சொன்ன அந்த வடிவான தமிழை, மாமாதான் சொல்லிக் குடுத்தவர். ஒரு பின்னேரம் முழுக்கப் பாடமாக்கினவளாம்.

நான் இவரின்ரை பிடரியைப் பாத்துக் கேட்டன், உங்களுக்கும் தெரியுமோ எண்டு. அவர் காரை ஓரங்கட்டி நிப்பாட்டினார். ஓம் எண்டார். எனக்கு எப்பிடி உமக்குச் சொல்லுறது எண்டு தெரியேல்லை எண்டார்.

ஏன் கடல் உள்ளை வருது எண்டு மகளிட்டைக் கேட்டன். படிச்ச பிள்ளை, ஒரு காரணத்தைச் சொல்லும், ஆரையாவது திட்டலாம் எண்டு பாத்தன். மண் அள்ளினதும் இருக்கலாம், கடல் மட்டம் கூடுறதும் இருக்கலாம், காத்து மாறினதும் இருக்கலாம், ஒண்டிலை பழியைப் போடேலாது எண்டாள். விஞ்ஞானம் எண்டா இவ்வளவுதான் போல. என்ரை கோவத்துக்கு ஒரு ஆளைக் காட்டித் தரேல்லை.

வீட்டை வந்து தம்பிக்கு எடுத்தன். பேசிக் கிழிக்கிறதெண்டுதான் எடுத்தனான். எத்தினை வருசம் என்னை ஏமாத்தினனி, ஆற்றை சிலுவையை எனக்குக் காட்டினனி எண்டு கேட்டன். அவன் நடந்ததைச் சொன்னான். அந்த வாடைக்குப் பிறகு சுவாமியும் ஊர் ஆம்பிளையளும் போய், கரையிலை கிடைச்சதை எல்லாம் பொறுக்கி, உள்ளுக்கு ஒரு குழி வெட்டி ஒண்டா வைச்சவையாம். ஆற்றை எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். அதுக்குப் பக்கத்திலைதான் அவன் அன்ரனுக்கு ஒரு சிலுவை சீமெந்திலை கட்டி, வள்ளத்துக்கு வாங்கின பெயின்றிலை மிச்சத்தை அடிச்சிருக்கிறான்.

"அப்ப அன்ரனும் அதுக்குள்ளை இருக்கிறானோடா?" எண்டு கேட்டன்.

 "சின்னப் பிள்ளையளிலை என்னக்கா மிஞ்சிக் கிடக்கும்" எண்டான்.

நான் ஃபோனை வைச்சிட்டன். அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு மாதம் அவனோடை கதைக்கேல்லை. கதைக்காமல் இருந்ததுக்கு இப்ப வருத்தமாத்தான் இருக்கு. அவன் என்ன செய்வான்? கடலை அவனோ திறந்து விட்டவன்? நான் அழுதா அங்கை இருந்து அவனாலை வந்து பிடிக்கேலாது, அதுக்குத்தான் பெயின்ற் அடிச்சவன். பிறகு எடுத்துச் சமாதானமாகிட்டன். படம் மட்டும் இனி அனுப்பாதை எண்டன். சரியக்கா எண்டான். ஆனால் மெழுகுதிரி கொளுத்துவன், அதை நீ கேக்காதை எண்டான்.

ஜெனியோடையும் எனக்குக் கோவம் நிண்டுது. பொய் சொன்னதுக்கு இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு. சித்திரையிலை ஆய்வைக் குடுக்கிறதுக்கு முதல் நாள், கொம்பியூற்றருக்கு முன்னாலை அவள் இருக்கேக்கை போய் நிண்டன். உன்ரை படத்திலை மணல் எண்டு எழுதியிருக்கிறாய், அது மணலோ எண்டு கேட்டன். உங்களுக்காகத்தான் அம்மா அப்பிடி எழுதினனான், நீங்கள் பாத்திடுவீங்கள் எண்டு பயத்திலை எண்டாள். நான் பாத்திட்டன், இனி உள்ளதை எழுது எண்டன். அவள் அந்தச் சொல்லை அழிச்சுப்போட்டு, சேமக்காலை எண்டு இங்கிலீசிலை எழுதினாள். பேந்து அதுக்குக் கீழை சின்னப் பிள்ளையளின்ரை வரிசைக்கும் ஒரு குறி போடட்டோ எண்டு கேட்டாள்.  தலையை ஆட்டினன். அந்தக் குறியை எங்கை போடவேணும் எண்டு நான்தான் விரலை வைச்சுக் காட்டினன்.

7

ஜெனிக்கு இப்ப வேறை ஊரிலை வேலை. எந்த வீட்டுக்கு வெள்ளம் வரும், எந்த வீட்டுக்கு வராது எண்டு படம் கீறுற வேலை. பூசைக்கு வாற அக்காவுக்கு அதையும் சொன்னனான். பிள்ளை ரெயினிலை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வருவாள்.

ஆத்துமாக்கள் திருநாளண்டு சொல்லாமல் வந்து நிண்டாள். விடியத் தொடக்கம் நான் ஃபோனைக் கவிட்டு வைச்சுப்போட்டு, வேலையில்லாத வேலையா அலுமாரியை அடுக்கிக் கொண்டிருந்தனான். அம்மா வெளிக்கிடுங்கோ, ஒரு இடத்துக்குப் போட்டு வருவம் எண்டாள். கோயிலுக்கு எண்டு நினைச்சுப் போனன். அவள் கூட்டிக்கொண்டு போனது லெஸ்ரர்ச் சேமக்காலைக்கு. எனக்கு எரிஞ்சுது. இங்கை எங்கடை ஆக்கள் ஆர் கிடக்கினம், ஆருக்குக் கொளுத்தக் கூட்டிக் கொண்டு வந்தனி எண்டு கேற்றடியிலேயே ஏசினன். அவள் முன்னுக்கு நடந்தாள். ஏத்தமான பாதை, எனக்கு மூச்சு வாங்கினது. கடைசியிலை மேல் பக்கத்திலை ஒரு மரத்துக்குக் கீழை நிண்டாள். கிட்டடியிலை சின்னப் பிள்ளையளுக்கெண்டு ஒரு பகுதி. கரடிப் பொம்மையும் காத்தாடியுமா நட்டு வைச்சிருந்தினம். ஒரு வெள்ளைக்காரப் பெடியன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், முழங்காலிலை இருந்து கல்லைத் துடைச்சுக் கொண்டிருந்தான். அவனைப் பாத்ததும் எனக்கு இருந்த கோவம் போட்டுது.

ஜெனி பையுக்குள்ளை இருந்து மெழுகுதிரியை எடுத்தாள். காத்துக்கு மூண்டு தரம் நூந்துது. நான் குனிஞ்சு கையைச் சுத்திப் பிடிச்சன். பத்தினது. ஆருக்குப் பிள்ளை எண்டு கேட்டன்.

"அண்ணாவுக்கு" எண்டாள்.

இருபத்தொரு வருசத்திலை அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னம். அவளுக்குப் பாதியிலை மறந்து போச்சு, நான் சொல்லிக் குடுத்தன். முடிச்ச பிறகும் அவள் எழும்பேல்லை. தரையிலை இருந்தபடி, புல்லைப் பிடுங்கிக் கொண்டு, சொல்லுச் சொல்லாத் தேடித் தேடிக் கதைச்சாள். ஒருத்தரும் பாடமாக்கிக் குடுத்த தமிழ் இல்லை. அவ்வளவு பிழை அதிலை.

மாமாவுக்கும் வயசு போகுது அம்மா எண்டாள். நீங்கள் அங்கை கிடந்தா நான் எப்பிடி வாறது, வந்தாலும் என்னட்டை ஆர் நீ எண்டுதான் கேப்பினம் எண்டாள். பேந்து கையாலை தான் இருந்த மேட்டு நிலத்தைத் தட்டிக் காட்டினாள்.

"நீங்கள் இங்கை இருங்கோ அம்மா. இங்கை கடல் வராது. நான் பாத்தனான், வடிவாப் பாத்தனான். எப்பவும் வராது."

என்ரை பிள்ளை அவ்வளவு காலமும் படிச்ச படிப்பு முழுக்க அதுக்குள்ளை இருந்துது. எனக்கெண்டு அவள் போய் இந்த மேட்டை அளந்து பாத்திருக்கிறாள். எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை இதைச் செய்யும்? நான் அவளின்ரை தலையிலை கையை வைச்சு, ஓம் பிள்ளை, இங்கையே இருக்கிறன் எண்டன். அவள் அழுது கொண்டு என்ரை காலைக் கட்டிப் பிடிச்சாள். எனக்கு அழுகை வரேல்லை. சொல்லி முடிச்ச பிறகுதான், அன்ரனைத் தனிய விட்டிட்டன் எண்டு விளங்கினது.